அஞ்சாவது சோடி

சுவிஸில, பாசல் நகரத்தில நாங்கள் முதன்முதலாக் குடியிருந்த வீட்டின்ர சொந்தக்காரர் ரெண்டு பேரையும் நான் அண்ணன் தம்பி எண்டு நினைச்சுப்போட்டன். ஒரு நாள் ரெண்டு நாளில்லை, ஒண்டரை வருசம். இப்ப நினைச்சாலும் சிரிப்பு வருது, கொஞ்சம் வெக்கமும் வருது.

எண்பதுகளின்ர நடுப்பகுதி அது. ட்ராம் போற தெருவில ஒடுங்கின மூண்டு தட்டு வீடு. மேல்தட்டில நானும் என்ர மனிசனும். கீழ ரெண்டு தட்டிலயும் அவை. ஒருத்தருக்கு அறுபது வயசுக்குக் கிட்ட, தேவாலயத்தில ஓர்கன் வாசிக்கிறவர். மற்றவர் நாலு வயசு இளமை, கணக்காளர் கந்தோர் ஒண்டில வேலை. நான் அவைக்கு வைச்ச பேர் பெரியவர், சின்னவர். தபால் பெட்டியில ரெண்டு வேற வேற பேர் எழுதிக் கிடந்தது உண்மைதான். ஆனா எங்கட ஆக்களில கூடப்பிறந்ததுகளுக்கு ஒரே பேரோ இருக்கு? அண்ணனுக்கு ஒரு பேர், தம்பிக்கு ஒரு பேர், முன்னால தகப்பன்ர எழுத்து. அதால எனக்கு ஒரு சந்தேகமும் வரேல்லை.

சந்தேகம் வராதது மட்டுமோ, சின்னவருக்குக் கலியாணம் பேசவும் வெளிக்கிட்டன்! நான் அப்ப ஒரு ஆசுப்பத்திரியில துணி தோய்க்கிற பகுதியில வேலை. என்னோட வேலை செய்த இத்தாலிக்காரி ஒருத்தி, புருசன் செத்து நாலு வருசம், நல்ல குணம், நல்ல சமையல். ஒரு சனிக்கிழமை அவவையும் கூப்பிட்டு, கீழ இருந்து இவை ரெண்டு பேரையும் கூப்பிட்டு, வடை சுட்டுக் குடுத்தன். சின்னவர் அஞ்சு வடை சாப்பிட்டார். சரி, விசயம் பழம் எண்டு நினைச்சன். அவ போன பிறகு மெல்லக் கேட்டன்.

"எப்பிடி? நல்ல மனிசி என்ன?"

"நல்ல மனிசி. ஆருக்குப் பாக்கிறீங்கள்?"

"உங்களுக்குத்தான்!"

அந்த மனிசன் சிரிச்சார் பாருங்கோ, கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சார். பெரியவர் சிரிக்கேல்லை. அவருக்கு முகம் சிவந்துபோச்சு. பிறகு சின்னவர் கதிரையை இழுத்து எனக்குக் கிட்ட வந்திருந்து, எனக்கு விளங்கிற மாதிரி மெதுவா ஜேர்மன் கதைச்சார். "நாங்கள் சகோதரங்கள் இல்லை. நீங்களும் உங்கட கணவரும் எப்பிடியோ, நாங்களும் அப்பிடி. முப்பது வருசமா."

எனக்குக் காதுக்குள்ள விசில் ஊதின மாதிரிக் கிடந்தது. கோப்பையளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ள ஓடீட்டன்.

பின்னேரம் மனிசன் வேலையால வந்தோடனை சொன்னன். அவர் சப்பாத்தைக் கழட்டிக்கொண்டே, "ஓம், தெரியும்," எண்டார்.

"என்னது, தெரியுமோ?"

"போன வருசம் அலுமாரி தூக்கிக் குடுக்கக் கீழ போனனானெல்லே. ஒரு கட்டில்தானே கிடந்தது."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

எனக்கு அவை மேல வராத கோபமெல்லாம் இவர் மேல வந்திட்டுது. ஊரெல்லாம் தேடி ஒரு பொம்பிளையைக் கொண்டந்து இருத்தி வடை சுட்டு... கோதாரி பிடிச்ச மனிசன், வாயைத் திறந்திருந்தால் என்ன குறைஞ்சு போகும்?

ஆனா ஒரு கிழமை நான் கீழ போகேல்லை. உண்மையைச் சொல்லவேணுமெல்லே. சின்னனில இருந்து காதில விழுந்த கதையள், பகிடியள், எல்லாம் ஒண்டாச் சேர்ந்து தலைக்குள்ள இரைஞ்சுது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயரிட்டக் கேட்டன். எங்கட ஐயர் ஊரில கோயில் பூசை பரம்பரை. இஞ்ச வந்து என்ர மனிசன் வேலை செய்த ஹோட்டல் குசினியிலதான் சட்டி பானை கழுவினவர். ஞாயிற்றுக்கிழமையில மட்டும் ஒரு நிலவறையில பிள்ளையார் படத்துக்குப் பூசை.

"ஐயா, ஆம்பிளையும் ஆம்பிளையும் குடும்பமா இருக்கிறது பாவமோ?"

அவர் திருநீற்றுத் தட்டைக் கீழ வைச்சார். "அக்கா, நான் ஆறு நாளும் மாட்டிறைச்சிச் சட்டி தேய்க்கிறன். பாவக் கணக்குப் பாக்கிறதெண்டால் என்னை விட்டிட்டு வேற ஆளைப் பிடியுங்கோ."

அதுக்குமேல என்னத்தைக் கேக்கிறது? ஆனா மறுமொழி கிடைக்காததே எனக்கு ஒரு விதத்தில ஆறுதலாக் கிடந்தது. அண்டைக்கே கீழ இறங்கிப் போய் மணியை அடிச்சன். பெரியவர்தான் திறந்தார். உள்ள கூப்பிட்டு இருத்திக் கோப்பி போட்டார்.

இதுக்கிடையில எனக்கு மூண்டு மாசம். எனக்கு இன்னொரு சோலியும் இருந்தது. எங்கட கலியாணம் ஊரில ஊரடங்குக்கு நடுவில, ஒரு அறைக்குள்ள, ஏழெட்டுப் பேர் பாக்கத் தாலி கட்டின கலியாணம். அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கக்கூட ஆக்கள் இல்லை. பதிவு செய்யிறதுக்கு முதல் இவர் வெளிக்கிட்டு இஞ்ச வந்திட்டார், பிறகு நானும் வந்தன். ஆகவே சுவிஸ் கடுதாசியில இவரும் தனி ஆள், நானும் தனி ஆள். கழுத்தில தாலியோட நான் தனி ஆள்! பிள்ளை பிறக்கிறதுக்கு முதல் இதைச் சரிப்படுத்தவேணும் எண்டு நான் நிண்டன். கடுதாசிப் பேச்செண்டால் சின்னவரைத்தானே கேக்கவேணும், அந்தத் தெருவில பாதிப் பேரின்ர வரிப் படிவம் அவற்ற மேசையிலதான் நிரம்பிறது.

அவர் ஒரு வெள்ளைத் தாளில ஏணி கீறினார். "இப்ப உங்கட சம்பளத்துக்கு ஒரு வரி, அவற்ற சம்பளத்துக்கு ஒரு வரி. ரெண்டும் கீழ்ப்படியில நிக்குது. பதிஞ்சால் ரெண்டையும் ஒண்டாக் கூட்டுவினம். கூட்டினால் மேல்படி. மேல்படிக்கு வரி கூட. படிவம் கணவற்ற பேருக்குத்தான் வரும்."

"நான் வேலை செய்யிற காசுக்கு இவற்ற பேரிலயோ? கலியாணம் முடிச்சதுக்குக் குற்றப்பணமோ?"

"குற்றப்பணம் எண்டு எழுதமாட்டினம்," எண்டு சிரிச்சார். என்ர மனிசன் உடன, "அப்ப கொஞ்சம் பொறுத்துச் செய்வமே," எண்டார். நான் பாத்த பார்வையில கோப்பியை எடுத்துக் குடிக்கத் தொடங்கீட்டார்.

பிறகுதான் சின்னவர் அதே ஏணிக்குப் பக்கத்தில ஒரு வீடு கீறினார். "எங்களுக்கு மறுவளம்," எண்டார். வீடு பெரியவற்ற பேரில. பெரியவருக்கு நெஞ்சில கொஞ்சம் வருத்தம், மருந்து எடுக்கிறவர். நாளைக்கு ஏதும் நடந்து, வீடு சின்னவருக்கு வந்தால், மனிசி பிள்ளையளுக்குப் போடுற மாதிரி வரி இல்லை, தெருவில போறவனுக்குப் போடுற வரி. "சட்டத்துக்கு நான் இவருக்கு அந்நியன். முப்பது வருசமாக் காலமைக் கோப்பி போட்டுக் குடுக்கிற அந்நியன்." ஒரு வழக்கறிஞர், பெரியவர் இவரை மகனாத் தத்தெடுக்கலாம் எண்டு யோசினை சொன்னாராம். அதுக்குப் பதினாறு வயசு வித்தியாசம் வேணுமாம். இவைக்கு நாலுதான். "மகனாகவும் வயசு காணாது," எண்டு சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சினம். எனக்குச் சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியேல்லை. எங்களைப் பதியவேண்டாம் எண்டு வரி சொல்லுது, பதிஞ்சால் தப்புற ரெண்டு பேரைப் பதிய விடுறாங்களில்லை. இதென்ன விசர்ச் சட்டம் எண்டு கத்தினன்.

"வரியை விடுங்கோ," எண்டார் சின்னவர். "வரியை எப்பிடியும் கட்டலாம். எனக்கு ஒரே ஒரு ஆசை." பெரியவர் எத்தினையோ கலியாணத்துக்கு ஓர்கன் வாசிச்சவர். எல்லாத்திலயும் சின்னவர் கடைசி வரிசை வாங்கில இருந்து பாத்தவர். முந்தி இருந்த போதகர் வேதத்தில வசனம் காட்டி, வாசிக்கலாம், ஆனா சபை விருந்துக்குத் தனிய வாங்கோ எண்டிட்டாராம். இப்ப இருக்கிறவர் நல்லவர், கை குலுக்குவார், ஆனா ஒண்டும் கேக்கமாட்டார். "ஒருக்கா, ஒரே ஒருக்கா, ஆக்களுக்கு முன்னால நாங்கள் ரெண்டு பேரும் சோடியா நிக்கவேணும். அவ்வளவுதான்."

பெரியவர் எழும்பிப் போய்ச் சும்மா கிடந்த கோப்பையைக் கழுவினார்.

ஊரில இருந்து பிறப்புப் பத்திரங்கள் வந்து சேர எனக்கு வயிறு முன்னுக்கு வந்திட்டுது. பதிவுக் கந்தோரில சாட்சிக் கையெழுத்து அவை ரெண்டு பேரும்தான். அண்டைக்கே பக்கத்துத் தெருவில ஒரு மண்டபம் எடுத்து நாப்பது பேருக்குச் சாப்பாடு. முதல் கலியாணத்தில விட்டுப்போன அறுகரிசியை இண்டைக்குப் போடவேணும் எண்டு நான் அடம்பிடிச்சன். அறுகரிசி தெரியுமெல்லே? புருசனும் மனிசியுமாச் சோடி சோடியா வந்து, அரிசியும் அறுகம்புல்லும் அள்ளி, பாதத்தில இருந்து தலை மட்டும் மூண்டு தரம் தூவி ஆசீர்வதிக்கிறது. அறுகம்புல்லுக்கு பாசலில எங்க போறது? பெரியவர் வீட்டுக்குப் பின்னால இருந்த புல்லைப் பிடுங்கிக் கழுவிக் கொண்டந்தார். ஐயர் மணந்து பாத்திட்டு, பச்சையாக் கிடக்கு, காணும் எண்டார்.

முதல் நாளே நான் மனிசனிட்டச் சொன்னன், அவை ரெண்டு பேரும் சோடியா வந்து போடட்டும் எண்டு. "உமக்கென்ன விசரோ? சனம் கதைக்கும். ஐயர் எழும்பிப் போயிடுவார்," எண்டார். கோபத்தில சொல்லேல்லை, பயத்தில சொன்னார். முன்வரிசையில இருத்துறதெண்டு மட்டும் முடிவாச்சு.

அண்டைக்கு வந்ததில முக்கால்வாசிப் பேர் தனிப் பெடியள். கலியாணம் முடிச்ச சோடி நாலே நாலு, எல்லாம் புதுசு. நாலும் வந்து போட்டிட்டுப் போச்சினம். ஐயர் தட்டைப் பாத்தார், சனத்தைப் பாத்தார். "நாலில நிப்பாட்டக்கூடாது. ஒற்றையா வரவேணும். இன்னொரு சோடி இல்லையோ?"

என்ர வாய் சும்மா இருக்குமோ? "இருக்கினம் ஐயா!" எண்டிட்டன். மனிசன் பக்கத்தில இருந்து கிள்ளினார். நான் கையை நீட்டி முன்வரிசையைக் காட்டினன்.

பின்னுக்கு ஒரு பெடியன் களுக்கெண்டு சிரிக்க, இன்னொருத்தன் அவன்ர தலையில குட்டினான். சின்னவருக்குத் தமிழ் தெரியாது, ஆனா எல்லாரும் தன்னைப் பாக்கினம் எண்டது விளங்கீட்டுது. கதிரையின்ர நுனிக்கு வந்திட்டார். எனக்கு வயித்துக்குள்ள பிள்ளை உதைக்குது, நெஞ்சும் உதைக்குது. ஐயோ, வீட்டுக்குள்ள வைச்சிருந்த ஆசையை நாப்பது பேருக்கு முன்னால போட்டு உடைக்கப் போறனோ எண்டு பயந்துபோனன்.

ஐயர் என்னைப் பாத்துக் கேட்டார், "எத்தினை வருசம்?"

"முப்பது."

அவர் அந்த நாலு சோடியையும் ஒருக்காத் திரும்பிப் பாத்தார். "உந்த நாலு சோடியின்ர வருசத்தையும் கூட்டினாலும் முப்பது வராது. வரச் சொல்லுங்கோ."

சனம் கொல்லெண்டு சிரிச்சுது. அது நல்ல சிரிப்பு, அந்தச் சிரிப்பில எல்லாம் இளகிப்போச்சு. ரெண்டு பேரும் எழும்பி வந்தினம். பெரியவர் அவசரப்பட்டு அள்ளினதில பாதி அரிசி என்ர மடியிலயும் மிச்சம் நிலத்திலயும் கொட்டுப்பட்டுது. சின்னவர் ஒரு மணியும் சிந்தாமல், பாதம், முழங்கால், தோள், தலை எண்டு ஐயர் காட்டின ஒழுங்கில மூண்டு தரமும் தூவினார். அவர் அப்பிடித்தான், படிவம் நிரப்பிற மனிசன். அவை போட்டு முடிய, சனம் கதைக்கும் எண்டு பயந்த என்ர மனிசன் கதிரையால எழும்பி, ரெண்டு பேரின்ர காலையும் தொட்டுக் கும்பிட்டார். நான் அவருக்குச் சொல்லிக் குடுக்கேல்லை, சத்தியமா.

பிறகு சின்னவர் ஐயரிட்ட ஏதோ கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தன். "இப்ப எங்க கையெழுத்து வைக்கிறது? இதுக்குப் பத்திரம் ஒண்டும் இல்லையோ எண்டு கேக்கிறார்."

"பத்திரமோ?" ஐயர் மண்டபத்தைக் காட்டினார். "இவ்வளவு சனம் பாத்தது. அதுதான்."

அதைச் சின்னவருக்கு ஜேர்மனில சொன்னன். அவர் கோட்டுப் பைக்குள்ள இருந்து பேனையும் ஒரு சின்னக் கொப்பியும் எடுத்துக்கொண்டு, மேசை மேசையாப் போகத் தொடங்கினார். ஒவ்வொருத்தரிட்டயும் முழுப் பேர், விலாசம். அகதி விண்ணப்பம் போட்டுட்டு மறுமொழி வராமல் இருக்கிற பெடியள் அவங்கள், வெள்ளைக்காரன் பேனையோட வந்து விலாசம் கேட்டால் முழுசிற பெடியள். சிலபேர் சோத்துக் கோப்பையோட எழும்பி வாசல் பக்கம் பாத்தாங்கள். நான் அங்கயிருந்தே கத்தினன், "பயப்பிடாதேங்கோ, பொலிசில்லை! அவற்ற கலியாணத்துக்குச் சாட்சி கேக்கிறார்!"

சாப்பாடு ஆறிப்போகுது எண்டு சமையல்காரர் ஏசேக்க, நாப்பது பேரும் வரிசையில நிண்டு, எழுத்துக்கூட்டிக் கூட்டிச் சொன்னாங்கள். ஒருத்தன்கூடப் பொய்ப் பேர் குடுக்கேல்லை.