ஒடிக்கச் சொன்ன பெஞ்சு

எங்கள் வீட்டில் முதன்முதலில் கன்னடம் பேசியது நான்தான். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி மைசூருக்குக் குடிவந்து அப்போது எட்டு மாதம்கூட ஆகவில்லை. அப்பாவுக்கு அங்கே ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஃபிட்டர் வேலை. கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால் அவருக்குப் புது மொழி தேவைப்படவில்லை. அம்மா வேணும், வேண்டாம் என்பதற்கான 'பேக்கு', 'பேடா' என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு காய்கறிக் கடை வரைக்கும் போய்வந்துவிடுவாள். மூன்றாம் வகுப்பில் கன்னடப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த நான் குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். வீட்டுக்கார அம்மாள் என்ன சொன்னாலும் அது என் வழியாகத்தான் அம்மாவுக்குப் போக வேண்டும். அந்தக் கர்வத்தில், புரியாததையும் புரிந்த மாதிரி சொல்லிவிடும் கெட்ட பழக்கம் எனக்கு வந்திருந்தது.

வீட்டுக்கார அம்மாள் முன்பக்கத்தில் தனியாக இருந்தார். பின்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்கள். முந்தைய வீட்டில் மூன்றே மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதனால் இங்கே சுவரில் ஆணி அடிப்பதற்குக்கூட அம்மா பயப்படுவாள். இந்த அம்மாளுக்கோ தோட்டம்தான் உயிர். தசராவை ஒட்டி மைசூரில் வீட்டுத் தோட்டங்களுக்குப் போட்டி வைப்பார்கள். அந்த வருடம் அதில் சேர்ந்துவிட வேண்டும் என்று தீர்மானமாக இருந்தார்.

தோட்டத்தில் உடைந்த நாற்காலி, மேஜை எல்லாம் ஒரு மூலையில் கிடந்தன. அம்மாவுக்கு எதையும் தூக்கிப்போட மனம் வராது. உட்காரும் இடம் பொத்துப்போன பிரம்பு நாற்காலி ஒன்றில் மண்சட்டியை இறக்கி, அதில் பட்டன் ரோஸ் வைத்தாள். ஒரு கால் போன டீப்பாயைக் கவிழ்த்துப்போட்டு, மீதி மூன்று கால்களையும் கயிற்றால் கட்டி, அதன்மேல் சங்குப்பூக் கொடியை ஏற்றினாள். வீட்டுக்கார அம்மாள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு "சூப்பர்" என்றார். இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல் அதுதான். மறுநாள் அவரே இன்னொரு உடைந்த நாற்காலியை இழுத்துவந்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

அவர் கை வைக்காதது செண்பக மரத்தடியில் இருந்த பெஞ்சு மட்டும்தான். இரண்டு பக்கமும் திராட்சைக் கொடி வார்த்த இரும்பு, நடுவே தேக்குச் சட்டங்கள். பெயிண்ட் உரிந்திருந்ததே தவிர ஆள் உட்காரலாம். சாயங்காலங்களில் அதன் ஒரு ஓரத்தில்தான் அவர் உட்காருவார்.

தசராவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் பத்து நாள் கிளம்பினார். முந்தின நாள்தான் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மீதிப் பாதி டின் வாசலிலேயே இருந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டி என்னிடம் சொன்னார்: "பெஞ்ச்கூ ஹொடிபேக்கு. அம்மங்கெ ஹேளு."

கன்னடத்தில் 'ஹொடி' என்றால் அடி. நாம் பெயிண்ட் அடிப்பதுபோல அவர்களும் வண்ணத்தை ஹொடிப்பார்கள். பெஞ்சுக்கும் அடிக்க வேண்டும், அம்மாவிடம் சொல் என்றுதான் அவர் சொன்னது. முதல் எழுத்தில் இருக்கும் மூச்சுக்காற்றை எடுத்துவிட்டால் அது 'ஒடி' ஆகிவிடும். அதற்கு உடை என்று பொருள். கிட்டத்தட்ட நம் ஒடியேதான். அந்த மூச்சு என் காதில் விழவில்லை. நான் நேராக ஓடிப்போய், "பெஞ்சை ஒடிக்கணுமாம்" என்றேன்.

"பெஞ்சையா? நல்லாத்தானே இருக்குது?" என்றாள் அம்மா.

"ஒடிக்கணும்னுதான் சொன்னாங்க."

"சரியாக் கேட்டியா பாப்பா?"

சரியாகக் கேட்டாயா என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாமா? எனக்குக் கோபமே வந்துவிட்டது. அம்மா யோசித்துப் பார்த்தாள். இதுவரை நாற்காலியும் டீப்பாயும் கொடுத்தவர், போட்டிக்காகப் பெஞ்சையும் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று அவளே ஒரு சமாதானம் செய்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்பேனரோடு உட்கார்ந்தார். துருப்பிடித்த போல்ட்டுகள் அசைந்து கொடுக்கவில்லை. ரம்பத்தால் அறுத்து, மதியத்துக்குள் பெஞ்சைப் பெஞ்சு இல்லாமல் செய்துவிட்டார். தேக்குச் சட்டங்கள் படிக்கட்டு மாதிரி ஒரு பூந்தொட்டி ஸ்டாண்ட் ஆயின. இரும்புப் பக்கங்கள் இரண்டையும் நடைபாதையின் இரு புறமும் நட்டு, மேலே கம்பி வளைத்து, மல்லிகைக் கொடியை எடுத்து ஏற்றினாள் அம்மா. எல்லாவற்றுக்கும் வாசலில் இருந்த அந்தப் பச்சைப் பெயிண்டையே அடித்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அளவுக்கு மனநிறைவோடு அம்மா சிரித்து நான் மைசூரில் பார்த்ததில்லை.

வீட்டுக்கார அம்மாள் திரும்பி வருவதற்கு முந்தின நாள், எதிர் வீட்டில் வேலை செய்யும் கொள்ளேகால் அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்கு இரண்டு மொழியும் தெரியும்.

"ஏனுங்க, பெஞ்சு எங்கீங்க?"

அம்மா பெருமையோடு வளைவைக் காட்டினாள். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "அது அந்தம்மா வீட்டுக்காரரோட பெஞ்சாச்சுங்களே. அவரு போயி ரெண்டு வருசமாச்சு. தெனமும் அவரு பக்கத்தை விட்டுட்டு இந்தம்மா ஓரமா உக்காந்துக்குவாங்க. அதைப் போயி ஒடிக்கச் சொல்லியிருப்பாங்களா?"

அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. அப்பா வாடகைக்கு வேறு எங்கே வீடு இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார். என்னை மட்டும் இருவரும் திட்டவில்லை. அதனால் தப்பு என்னுடையது அல்ல என்று நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் மகனே காரில் அழைத்துவந்தார். கேட்டைத் திறந்ததும் முதலில் பார்த்தது மகன்தான். "இது அப்பன பெஞ்சு அல்வா? யாரு ஒடெதித்து இதன்ன?" என்று சத்தம் போட்டார். அப்பாவின் பெஞ்சை யார் உடைத்தது என்ற அந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வீட்டுக்கார அம்மாள் மரத்தடியில் காலியாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கைகூப்பிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "தப்பு நடந்துபோச்சு, தெரியாமப் பண்ணிட்டோம், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லு பாப்பா."

நான் அதைச் சொல்லவில்லை. செய்யாத தப்புக்கு எதற்கு மன்னிப்பு? அம்மாவை ஒதுக்கிவிட்டு முன்னால் போய், "நீவே ஹேளித்ரி, பெஞ்ச் ஒடிபேக்கு அந்தா" என்றேன். நீங்கள்தானே உடைக்கச் சொன்னீர்கள் என்று எட்டு வயதின் முழுத் தைரியத்தோடும் கேட்டேன்.

வீட்டுக்கார அம்மாள் என்னைப் பார்த்தார். அப்புறம் கூப்பிய கையை இறக்காமல் நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு மகனிடம் திரும்பி, "ஹௌது. நானே ஹேளித்து. ஒடிபேக்கு அந்தானே ஹேளித்து" என்றார். ஆமாம், நான்தான் உடைக்கச் சொன்னேன்.

மகன் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் மட்டும் வளைவின் அருகே போய், இரும்பில் இருந்த திராட்சைக் கொத்துகளை விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு அம்மாவைப் பார்த்து "சூப்பர்" என்றார். குரல் சரியாக வரவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் நாங்கள் பதினோரு வருடம் இருந்தோம். அடுத்த வருடமே கன்னட டிக்டேஷனில் டீச்சர் என் 'ஒடி'யைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ஹகாரத்தைப் போட்டுக் காட்டினார். அப்போதும் எனக்கு எழுத்து மட்டும்தான் புரிந்தது. 'ஹௌது' என்பதை அத்தனை சுத்தமாகச் சொன்ன மனுஷி, 'ஹொடிபேக்கு'வில் மட்டும் அந்த மூச்சை எங்களுக்காக விழுங்கிவிட்டார் என்பது புரிய இன்னும் எத்தனையோ வருடங்கள் ஆயின.

அன்றைக்கு நான் செய்தது வேறு. பின்பக்கம் வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் போய், "பாத்தியா, நான் சரியாத்தான் சொன்னேன்" என்றேன்.