முதல்நன்மை வீட்டுக்குப் போன எலிநாய்

என் மச்சானுக்கு நாய் என்றாலே அருவருப்பு. என் மனைவியின் மூத்த அண்ணன் அவர். எங்களை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுத்தவர். அதை நாங்கள் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறவரும் அவர்தான். மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுசுக்கு வந்தால் உள்ளே காலெடுத்து வைக்க முதல், "உந்த எலிநாயைக் கட்டும்" என்பார்.

கேலிக்குச் சொன்னாலும் அது எலிநாய்தான். என்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரனுக்கு மார்க்கம் நகருக்கு வடக்கே கோழிப்பண்ணை இருக்கிறது. எலி பிடிக்கவென்றே வளர்த்த அவனுடைய டெரியர் நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை எனக்குத் தந்தான். முழங்காலுக்கும் எட்டாத சின்ன உடம்பு, வெள்ளையில் மண்ணிறத் திட்டு. என் மகள் அதற்கு ஒரு பெயர் வைத்தாள். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் பண்ணைக்குக் கொண்டுபோவேன். கோழிக்கூட்டுக்கு அடியில் நுழைந்து எலியைக் கவ்வி ஒரே ஒரு உதறு உதறும், அவ்வளவுதான் எலி. பெட்டி தூக்கும் வேலையில் எனக்குக் கிடைக்காத ஒரு பெருமை அந்த உதறலில் கிடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இந்த வேலைக்குச் சட்டங்கள் உண்டு. வேர்களிலும் கம்பிகளிலும் கொழுவாதபடி நாயை உள்ளே விட முதல் கழுத்துப்பட்டியைக் கழற்ற வேண்டும். மண்வெட்டி கையில் இருக்க வேண்டும். நாய் மண்ணுக்குள் போனால் அது வெளியே வரும்வரை நாம் அந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது. குரைப்பு ஒரே இடத்தில் நின்று அடைத்துக் கேட்டால் உடனே தோண்ட வேண்டும். டெரியர் பின்வாங்காது, முன்னே முன்னே தோண்டும். அது பின்னால் தள்ளும் மண்ணே அதன் வழியை அடைத்துவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். யாரும் சொல்லித்தரவில்லை என்று சாட்டுச் சொல்ல எனக்கு இடமில்லை.

போன மே மாதம் மச்சான் போன் எடுத்தார்.

"சனிக்கிழமை சேர்ச்சிலை கடைக்குட்டிக்கு முதல்நன்மை. சாப்பாடு வீட்டிலைதான், பின்வளவிலை. டெக்குக்குக் கீழை எலி ஓடுது. காலமை வெள்ளெண நாயைக் கொண்டு வாரும்."

"எலி பிடிக்கிற கொம்பனிக்காரரைக் கூப்பிடேல்லையோ?"

"அவங்கள் எலிப்படம் போட்ட வானைக் கொண்டுவந்து வாசல்லை விடுவாங்கள். அயலுக்குள்ளை என்ன நினைப்பினம்?"

ஸ்டீல்ஸ் தெருவுக்கு வடக்கே, வசதியான பக்கத்தில் வீடு வாங்கியவர்களுக்கு எலி என்பது தெற்கே இருக்கிறவர்களின் பிரச்சினை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே புளுகம், சந்தோசம். இத்தனை வருடத்தில் அவருக்கு என்னிடம் ஒரு தேவை வந்திருக்கிறது.

எட்டு மணிக்கு அங்கே நின்றேன். வீட்டின் பின்னால் பலகை அடித்து உயர்த்திய மேடைதான் டெக். அதைச் சுற்றி அடித்திருந்த மரச்சட்டத்தில் ஒரு மூலை உடைந்திருந்தது. பட்டியைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு நாயை விட்டேன். பத்து நிமிடத்துக்குள் இரண்டு எலியைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டது. மச்சான் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார். "பொல்லாத சாமான்தான்" என்றார். நான் சிரித்தேன். பழுதில்லாத ஒரு காலைப்பொழுது அதோடு முடிந்தது.

மூன்றாம் தரம் உள்ளே போன நாய் வரவில்லை. குரைப்பு ஒரே இடத்தில் நின்றது, அடைத்துக் கேட்டது. குப்புறப் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். டெக்கின் நடுப்பகுதிக்குக் கீழே மண்ணில் அகலமான ஒரு பொந்து. எலியுடையது அல்ல. கிரவுண்ட்ஹொக்கின் வளை. முயலைவிடப் பெரிய விலங்கு, மண்ணைத் தோண்டியே வாழ்கிறது. பண்ணையில் அதன் வளைகளைக் கண்டிருக்கிறேன். மேலே நாலு பலகையைக் கழற்றினால் நேரே தோண்டலாம்.

அதற்குள் சோடனைக்காரர் வந்துவிட்டார்கள். சரியாக அந்த இடத்தில்தான் பலூன் வளைவும், பிள்ளை இருக்கும் வெள்ளைக் கதிரையும், கேக் மேசையும்.

"நாலு பலகையைக் கழட்டினால் காணும்" என்றேன் மச்சானிடம்.

"உமக்கென்ன விசரே? பூசைக்கு நேரமாச்சு. உதிலை கை வைக்காதையும். நாய்தானே, தானா வரும்."

மனைவி என் கையைப் பிடித்தாள். "இண்டைக்கு மட்டும் அண்ணையோடை பிரச்சினைப்படாதேங்கோ."

நான் பிரச்சினைப்படவில்லை. கையைக் கழுவி, கோட்டைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனேன். நாய் மண்ணுக்குள் குரைத்துக்கொண்டிருக்க நான் முழங்காலில் நின்று செபம் சொன்னேன். என்ன செபம் என்று கேட்காதீர்கள்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோதும் சத்தம் கேட்டது. இப்போது அது குரைப்பு அல்ல, முனகல். டெக்கில் ஐம்பது அறுபது பேர். ரோல்ஸ் வந்தது, நானும் எடுத்தேன். யாரோ ஒருவர் வீட்டு வட்டியைப் பற்றிக் கதைத்தார், நானும் கதைத்தேன். மச்சான் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். அது ஏன் என்று அவருக்கும் எனக்கும் தெரியும்.

படம் எடுக்கப் போனபோது பிள்ளை என்னைக் குனியச் சொன்னாள்.

"மாமா, உங்கட டோக் என்ர செயாருக்குக் கீழை க்ரை பண்ணுது."

"இல்லையம்மா, அது விளையாடுது" என்றேன். அன்று காலையில்தான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய பிள்ளையிடம்.

கேக் வெட்டும்போது சத்தம் நின்றது. வளையில் இருந்ததைக் கடித்துப்போட்டு இளைப்பாறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இளைப்பாறும் டெரியரை நான் ஒருநாளும் கண்டதில்லை.

கடைசிக் கார் போக ஐந்தரை ஆகிவிட்டது. சோடனைக் கதிரையைத் தூக்கி எறியாத குறையாகத் தள்ளிவிட்டு, ட்ரில்லால் பலகைகளைக் கழற்றினேன். ஒரு பலகைக்கு எட்டு ஸ்குரூ. நாலு பலகையும் கழற்ற ஏழு நிமிடம். தோண்ட இன்னும் ஒரு பத்து. ஒரு முழ ஆழத்தில் அதன் முதுகு கையில் பட்டது. பின்பக்கம் முழுக்க மண் இறுகியிருந்தது. மூக்குக்குள் மண், வாய்க்குள் மண். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அந்தச் சூட்டை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மச்சான் வந்து எட்டிப் பார்த்தார். "அடக் கடவுளே" என்றார். பிறகு, "பலகையை இருட்ட முதல் பூட்டிவிடும், பிள்ளையள் விழுந்துபோடுங்கள்" என்றார். நான் பூட்டினேன். முப்பத்திரண்டு ஸ்குரூவையும் நானே பூட்டினேன். பிறகு என் கோட்டில் நாயைச் சுற்றிக் காரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் கோட்டை விலக்கிப் பார்த்துவிட்டுப் படியேறி மேலே போனாள். ஏன் என்று கேட்டிருந்தால் நல்லது.

அன்றிலிருந்து மச்சானைக் கரித்துக்கொட்டிக்கொண்டு இருந்தேன். அவருடைய டெக், அவருடைய மானம், அவருடைய அயல். அது எனக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. மூன்று கிழமை கழித்து அதுவும் போயிற்று. ஞாயிறு பூசை முடிந்து வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்த பாதர், அன்றைய விருந்துக்கும் வந்தவர், என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அண்டைக்கு விருந்திலை கீழை ஒரு நாய் அழுதது. உங்கடையாம், இப்பதான் கேள்விப்பட்டன்."

"ஓம் பாதர்."

"நான் பக்கத்து வீட்டு நாயாக்கும் எண்டு இருந்திட்டன். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. எல்லாருமாக் கதிரையளைத் தூக்கிப் புல்லிலை போட்டிருப்பம். ஆர் என்ன சொல்லப்போகினம்?"

உண்மைதான். அறுபது பேரில் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குப் பின்னால் சனம் காத்துக்கொண்டு நின்றது. மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லை பாதர்" என்றேன்.