மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் இரண்டாம் காட்சி

பகல் ஷிஃப்ட் முடிந்து தொழிற்பேட்டையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நான் ஆவடி பஸ்ஸுக்காக நிற்கிறேன். நிறுத்தத்தை ஒட்டிய காலியிடத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் தெருநாடகம் போடுகிறார்கள். 'மக்களுக்கான கலை' என்கிறது பேனர்.

நாடகத்தில் பிரஸ் மிஷின் ஒரு தொழிலாளியின் விரலை வெட்டிவிடுகிறது. தொழிலாளியாக நடிக்கும் பெண் அலறித் தரையில் புரள்கிறாள். கைதட்டுவது அவர்களுடைய பேராசிரியரும் வகுப்புத் தோழர்களும்தான். மக்கள் ஷேர் ஆட்டோ வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

நீலச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் சாப்பாட்டுப் பையோடு அவளிடம் போகிறார்.

"எதுக்கும்மா இம்மாம் சத்தம் போட்ற? வெரல் போனா அப்டில்லாம் கத்த மாட்டாங்க."

"வேற என்னண்ணா பண்ணுவாங்க?"

"வலி அப்பாலதான் வரும். மொதல்ல துண்டு எங்க வுழுந்துச்சின்னு தேடுவோம். ஐஸ்ல போட்டு எட்துகினு போனா தச்சிருவாங்கன்னு ஒரு நெனப்பு."

பையைப் பிடித்திருக்கும் அவருடைய இடது கையில் மூன்று விரல்கள். அவள் அதைப் பார்க்கிறாள். அவர் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விடுகிறார்.

கொஞ்ச நேரத்தில் அதே நாடகத்தை மறுபடி போடுகிறார்கள். மிஷின் இறங்குகிறது. இந்தமுறை அவள் அலறவில்லை. ஒரு கையை மறுகையால் பொத்திக்கொண்டு, குனிந்து, மண்ணில் தேட ஆரம்பிக்கிறாள். தேடிக்கொண்டே கூட்டத்தின் பக்கம் வருகிறாள்.

யாரும் கைதட்டவில்லை. முன்னால் நிற்பவர்கள் மெதுவாகக் காலைத் தூக்கி, செருப்புக்கு அடியில் பார்க்கிறார்கள்.