பொடி ஊசி

எழிலரசியைப் பொறுத்தவரை உலகத்தில் ஊசிகள் இரண்டே வகை. ஒன்று தண்ணி ஊசி, இன்னொன்று பொடி ஊசி. மருந்து திரவமாகவே வந்தால் அது தண்ணி ஊசி. அதன் மேல் அவளுக்கு மரியாதை கிடையாது. சின்னக் கண்ணாடிக் குப்பியின் அடியில் வெள்ளைப் பொடியாகக் கிடந்து, அதில் தண்ணீரை ஏற்றிக் குலுக்கிக் கரைத்துப் போட்டால் அது பொடி ஊசி. அதுதான் மருந்து. இடுப்பில் இறங்கும்போது உயிர் போய் உயிர் வரும், ஆனால் சாயங்காலத்துக்குள் ஜுரம் இருந்த இடம் தெரியாது.

இது அவள் ஒருத்தியின் கண்டுபிடிப்பு இல்லை. ஆலங்காயம் சாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் இதே கட்சிதான். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே ஒரு கிளினிக் இருக்கிறது. மற்ற ஊர்களில் டாக்டர்கள் சாவகாசமாகக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இங்கே விடிந்தும் விடியாமல் ஷட்டர் ஏறிவிடும், ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாரும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். ஊசியைப் போட்டுக்கொண்டு, இடுப்பைத் தேய்த்தபடியே பஸ் ஏறுவார்கள். படுத்துக் கிடந்து ஜுரத்தை ஆற்றிக்கொள்வதெல்லாம் மாதச் சம்பளத்து வாத்தியார் வீட்டு வசதி.

எழிலரசி பன்னிரண்டாவது முடித்த கையோடு கம்பெனியில் சேர்ந்தவள். ஷூவின் மேல்பாகத்துத் தோலைத் தைக்கிற மிஷினில் அவளை உட்கார வைத்தார்கள். கை நேர்த்தி உள்ளவள்; வளைவில் தையல் ஒரு நூல் அளவும் விலகாது. கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, மறுபடி அதே மிஷினுக்கு வந்து உட்கார்ந்தாள். கணவன் நவீன்குமாருக்குப் பெங்களூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை. மாதத்துக்கு இரண்டு தடவை தலையைக் காட்டுவான். வீட்டில் நாத்தனார் ஜோதிதான் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள்.

குழந்தை மிருதுளா. இரண்டரை வயது. வாயாடி என்றால் வாயாடி. அவளுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் ஜென்மப் பகை. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தால் போதும், எவ்வளவு அசந்து தூங்கினாலும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா போவாத!" என்று வீடே இடிந்து விழுகிற மாதிரி அழுவாள். ஹாரன் என்றால் அம்மா போகிறாள் என்று எப்படியோ தெரிந்து வைத்திருந்தது அது. எழிலரசிக்கு அந்த அழுகையைக் காதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதைப் போல நரகம் கிடையாது. நாள் முழுக்க மிஷின் இரைச்சலுக்கு நடுவிலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் டிரைவர் தவ்ஃபீக்கிடம் கெஞ்சினாள்.

"அண்ணா, எங்க தெருகிட்ட மட்டும் ஹாரன் அடிக்காதண்ணா. கொழந்த எந்திரிச்சிக்குது. நானே முன்னாடி வந்து நிக்கிறேன்."

"இன்னாம்மா, ஹாரன் அடிக்கலன்னா மீதி பொம்பளைங்க வூட்ட வுட்டே வரமாட்டாங்க," என்று சிரித்தார் தவ்ஃபீக். ஆனாலும் மறுநாளிலிருந்து அந்தத் தெருமுனையில் மட்டும் சத்தமில்லாமல் வந்து நிறுத்துவார். நல்ல மனுஷர்.

ஜுரம் ஒரு திங்கட்கிழமை வந்தது. விடியற்காலையில் குழந்தையின் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. இரண்டு தடவை வாந்தி வேறு. கம்பெனியிலோ அந்த வாரம் ஷிப்மென்ட். கண்டெய்னர் கிளம்புகிற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லி வைத்திருந்தார். லீவு போட்டால் திட்டு மட்டும் விழாது. திரும்பி வரும்போது அந்த மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். எழிலரசி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள்.

டாக்டர் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், மருந்து எழுதினார். "அக்கா, பொடி ஊசி போட்டுடுங்க," என்றாள் எழிலரசி, ஊசி போடுகிற மஹ்பூபியிடம். மஹ்பூபி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். யோசித்தாரே, அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வெளியே பத்துப் பெண்கள் நிற்கிறார்கள். அவர் தலையசைக்காவிட்டால் அடுத்த தெரு டாக்டர் தலையசைப்பார்.

"இன்னைக்கு ஒன்னு போடறேன். மறுபடி ஜுரம் அடிச்சா இங்க வராத. நேரா வேலூருக்குத் தூக்கினு போ, புரியுதா?" என்றார்.

புரிந்தது. மத்தியானமே குழந்தை இட்லி கேட்டதாக ஜோதி சொன்னாள். சாயங்காலம் வந்து பார்த்தால் உடம்பு குளிர்ந்திருந்தது. பொடி ஊசின்னா பொடி ஊசிதான் என்று எழிலரசி மறுநாள் பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜுரம் திரும்பி வந்தது. இங்கேதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். எதிர் கிளினிக்குக்குப் போனால் வேலூர் என்பார். வேலூர் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் அல்ல, உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஷிப்மென்டுக்கு இன்னும் ஒரே நாள்தான். அந்த ஒருநாளை ஓட்டிவிட்டால் போதும். அவள் ஷேர் ஆட்டோ பிடித்து ஆலங்காயத்தில் வேறொரு டாக்டரிடம் போனாள்.

அவர் இளவயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார். "இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் காட்டினீங்களா? ஊசி ஏதாச்சும்?"

"இல்லிங்க சார். இன்னைக்குத்தான் ஜுரம்."

இவ்வளவுதான் அவள் சொன்ன பொய். நாவில் யோசனையே இல்லாமல் வந்தது. பஸ் ஸ்டாப் பெண்கள் எல்லாரும் எல்லா டாக்டரிடமும் சொல்கிற பொய்தான்; முதல் டாக்டரைச் சொன்னால் இரண்டாவது டாக்டர் முகம் சுளிப்பார், அவர் என்ன போட்டார் என்று நோண்டுவார், நேரமாகும். உள்ளபடி சொல்லியிருந்தால் அந்த டாக்டர் குழந்தையின் கழுத்து விறைத்திருக்கிறதா என்று ஒருமுறை மடக்கிப் பார்த்திருப்பார். முதல்நாள் ஜுரம் என்று நம்பி அவரும் ஒரு பொடி ஊசி போட்டு அனுப்பினார். ஜுரம் மறுபடி இறங்கியது. குழந்தை தூங்கியது. தூங்கிக்கொண்டே இருந்தது. விளக்கைப் போட்டபோது மட்டும் முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொண்டது. அசதி என்று நினைத்தாள் எழிலரசி.

புதன்கிழமை காலை தவ்ஃபீக் சத்தமில்லாமல் வந்து நின்றார். அவள் ஏறினாள். கம்பெனி கேட்டில் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வேலை முடிந்துதான் கொடுப்பார்கள். ஜோதி எத்தனை தடவை கூப்பிட்டாளோ, அந்தப் பெட்டிக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. கடைசியில் ஜோதி பக்கத்து வீட்டு மெக்கானிக் கலீமுல்லாவை ஆம்பூருக்கே அனுப்பினாள். செக்யூரிட்டி உள்ளே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது எழிலரசி கையில் பாதி தைத்த தோல் இருந்தது.

"கொழந்தைக்கு இழுத்துச்சாம்மா. கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துச்சாம். கழுத்து பின்னால வளைஞ்சிகினு நிக்குதாம். ஆம்புலன்ஸ்ல வேலூர் போய்ட்டாங்க," என்றார் கலீமுல்லா. அவர் பைக்கில் உட்கார்ந்து போகும் வழி முழுக்க அவள் கைவிரல்கள் தைப்பது போலவே அசைந்துகொண்டிருந்தன.

மூளையைச் சுற்றியிருக்கிற உறையில் கிருமி என்றார்கள். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். அங்கேயும் ஒரு பெண் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி ஊசி போட்டீங்களா?" இந்த முறை எழிலரசி எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் திட்டவில்லை. பேனாவை எடுத்து எழுதினார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. அறைந்திருந்தால் இன்னும் தேவலை.

அன்றிரவிலிருந்து குழந்தையின் கை நரம்பில் குழாய் வழியாக மருந்து ஏறியது. ஃபீபி என்ற நர்ஸ் அதைக் கலக்குவதை எழிலரசி பக்கத்தில் நின்று பார்த்தாள். கண்ணாடிக் குப்பி. அடியில் வெள்ளைப் பொடி. தண்ணீர் ஏறியதும் ஃபீபி அதைக் கையில் வைத்து உருட்டினார்.

"சிஸ்டர், இது..." எழிலரசி குப்பியைக் காட்டினாள். "இது அதே பொடி ஊசிதானே? இதத்தானே நாங்க ரெண்டு போட்டோம்?"

"அதே மருந்துதாம்மா."

"அப்ப ஏன் கேக்கல?"

ஃபீபி மருந்து மெதுவாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். "பெரியவங்களுக்கு ஒரு அளவு, கொழந்தைங்களுக்கு எடை பாத்து ஒரு அளவு. மூளைக்குப் போகணும்னா அதவிட ஜாஸ்தி, அதுவும் விடாம கொடுக்கணும். டாக்டர் எழுதின நாளெல்லாம் முடியற வரைக்கும். நீங்க போட்டது ஜுரத்த மட்டும் அமுக்கிடுச்சி. நோவு உள்ளயே இருந்துச்சி, வெளிய தெரியல. ஜுரமாவே இருந்திருந்தா நீங்களே முன்னாடி தூக்கினு வந்திருப்பீங்க."

அதுதான் அவளைக் கொன்றது. மருந்து கெட்டதில்லை. அவள் கேட்டு வாங்கிய மருந்தேதான் குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்தது. நடுவில் போன அந்த நாட்கள்தான் திரும்பி வராது. அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நவீன்குமார் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தான். அவள் தலையில் ஒரு கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டான். அந்தக் கையில் கோபம் இருந்ததா இல்லையா என்று அவளுக்கு இன்று வரை தெரியவில்லை.

குழந்தை பிழைத்தது. ஒருநாள் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. பால் குடித்தது. பிஸ்கட்டைப் பிடுங்கியது. வார்டே சந்தோஷப்பட்டது. எழிலரசி அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "மிது, அம்மா யாரு? சொல்லு, அம்மா யாரு?" என்று கொஞ்சினாள். குழந்தை அவள் வாயையே பார்த்தது. வாய் அசைவது அதற்கு ஏதோ வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்; விரலால் உதட்டைத் தொட்டது.

மருந்து முழுவதும் முடிந்த பிறகு தூங்க வைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, காதைச் சோதித்தார்கள். டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இரண்டு காதும் போய்விட்டது. இந்த நோவில் இப்படி ஆவது உண்டு. சாதாரணமாகக் காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன் செய்யலாம், ஆனால் ஸ்கேனில் உள்ளே எலும்பு படிய ஆரம்பித்திருப்பது தெரிகிறது, செய்தாலும் எவ்வளவு பலன் என்று சொல்ல முடியாது. நவீன்குமார் கேட்டுக்கொண்டிருந்தான். எழிலரசி காதில் "மிஷின்ல வந்த ரிசல்ட்" என்ற ஒரு சொல்தான் விழுந்தது. மிஷின்தானே. அவளுக்குத் தெரியாத மிஷினா? நூல் சரியாக இருந்தாலும் சில நாள் மிஷின் தப்பாகத் தைக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அந்த நம்பிக்கையை விடவில்லை. குழந்தையின் பின்னால் நின்று கை தட்டினாள். கதவைச் சாத்தினாள். ஜோதி குக்கர் விசிலை அடிக்கவிட்டுக் குழந்தையின் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் இல்லை. மிருதுளா பேசியது, ஆனால் பேச்சு தேய்ந்துகொண்டே வந்தது. "அம்மா போவாத" முதலில் "ம்மா போவா" ஆயிற்று, பிறகு வெறும் "ம்மா". தன் சொற்கள் தனக்கே கேட்காமல் அது ஒவ்வொன்றாக மறந்துகொண்டிருந்தது. ஆனாலும் எழிலரசி மனசுக்குள் ஒன்றைப் பொத்தி வைத்திருந்தாள். கை தட்டுவது, விசில் எல்லாம் சும்மா சத்தம். ஒரு சத்தம் இருக்கிறது. எவ்வளவு தூக்கத்திலும் அந்தப் பிள்ளையை எழுப்பிவிடும் சத்தம். அது மட்டும் கேட்காமல் போகாது.

வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வேறு என்ன செய்வாள்? அவள் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்; இவளுக்குப் பசை தடவும் மேசை என்றார்கள். சரி என்றாள்.

முதல்நாள் காலை. ஜோதி குழந்தையை வாசற்படியில் உட்கார வைத்து ரஸ்க் கொடுத்திருந்தாள். குழந்தை தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரஸ்க்கை டம்ளர் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தது. பஸ் பழைய வழக்கப்படி சத்தமில்லாமல் தெருமுனையில் வந்து நின்றது. உள்ளே பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். தவ்ஃபீக் இவளைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

எழிலரசி படியில் கால் வைக்காமல் நின்றாள்.

"அண்ணா, ஹாரன் அடிங்க."

"வேணாம்மா. ஏறு."

"அடிங்கண்ணா. நல்லா அடிங்க."

அவர் அடித்தார். தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது. "இன்னும்," என்றாள். அவர் கையை எடுக்காமல் அழுத்தினார். ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்தார்கள். எழிலரசி வாசற்படியைப் பார்த்தபடி நின்றாள். போவாத என்று சொல்லடி. அழடி. ஒரே ஒரு தடவை அழு.

மிருதுளா ரஸ்க்கை முக்கி எடுத்து, சொட்டும் தண்ணீரை ரசித்து, வாயில் வைத்துக்கொண்டாள். திரும்பவில்லை.

எழிலரசி பஸ் ஏறினாள்.