மித்ஹத் வாங்கிய நுழைவுச்சீட்டு

1974 செப்டம்பர் 12: கோட்டை வாசலின் எழுத்துக்கல் காணாமல் போனது. நீளம் 98 செ.மீ., அகலம் 46, கனம் 22.
1974 நவம்பர் 3 முதல் 1975 ஜூன் 1 வரை: அவ்தா சிறையில். 210 நாள்.
1978 ஏப்ரல் 9: அவ்தா இறப்பு.
1979 மார்ச் 4: அவ்தாவின் மகன் ஃபந்தி கோட்டை வாசல் காவலராகச் சேர்ந்தது. சம்பளம் 41 தினார்.
அன்று முதல் 2010 அக்டோபர் 7 வரை கோட்டைக்கு வந்தவர்கள்: 84,316.
அவர்களில் மித்ஹத்தின் பெயரைக் கேட்டுவிட்டுப் போனவர்கள்: 84,316.

ஹஜலா ஊரில் எந்தச் சந்தில் ஏறினாலும் கடைசியில் கோட்டை வாசலில்தான் போய் முட்டும். வளைவுக்கு மேலே, பல் விழுந்த இடம்போல் ஒரு ஓட்டை. வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் ஃபந்தி சீட்டைக் கிழித்துக் கொடுத்தபடியே ஆரம்பித்துவிடுவார்.

"இங்க ஒரு கல்லு இருந்துச்சு. எழுநூறு வருஷத்துக் கல்லு. அதத் திருடினவன் பேரு மித்ஹத். அதோ கீழ பச்சைக் கதவு தெரியுதுல்ல, அதான் அவன் வீடு. திருடினது அவன், ஜெயிலுக்குப் போனது வேற ஆளு. சரி, உள்ள போங்க. படி வழுக்கும், பாத்துப் போங்க."

இதை ஆறு மொழிகளில் மனப்பாடம் செய்திருந்தார். ஒவ்வொன்றையும் அந்தந்த ஊர்க்காரர் ஒருவரிடமே கேட்டு, அரபு எழுத்தில் எழுதி, சீட்டுப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்தார். ஜப்பான்காரர்கள் குனிந்து வணங்கிவிட்டுப் போவார்கள். ஜெர்மன்காரர்கள் "எந்தக் கதவு?" என்று கேட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். 1991இல் மித்ஹத் கதவுக்கு நீலச் சாயம் அடித்தார். அன்று பிற்பகலே ஃபந்தி திருத்திக்கொண்டார்: "நீலக் கதவு. நேத்து வரைக்கும் பச்சை."

மித்ஹத் அப்போது முக்தார், அதாவது ஊர்த் தலைவர்; அவருக்கு முன் அவர் அப்பா. மூன்று முறை புகார் எழுதினார். மூன்றாவது முறை ஒரு மேலதிகாரியே வந்து விசாரித்தார்.

"கோட்டையில என்ன இல்லைன்னு சொல்றது என் வேலை ஐயா" என்றார் ஃபந்தி. "ஓட்டை எப்படி வந்துச்சுன்னு கேக்குறாங்க. மழையில கரைஞ்சு போச்சுன்னு சொல்லவா?"

அதிகாரி சிரித்துவிட்டார். புகார் அத்தோடு போயிற்று.

இந்தப் பகை ஒரு சத்தியத்தில் தொடங்கியது. அந்தக் காலத்தில் கோட்டைச் சுவருக்குள் ஏழு குடும்பங்கள் குடியிருந்தன. வாசலை ஒட்டிய வீடு ஃபந்தியின் அப்பா அவ்தாவுடையது. கல் காணாமல் போன மறுநாள் விசாரிக்க வந்தவர்களிடம், "அவ்தா விடியக்காலையில கழுதையில ஏத்திக்கிட்டுப் போனத என் கண்ணால பாத்தேன்" என்று மித்ஹத் குர்ஆன்மேல் கை வைத்துச் சொன்னார். முக்தாரின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. பிறகு அரசாங்கம் கோட்டையைக் காலி செய்தபோது ஆறு குடும்பங்களுக்குக் கீழே மனை கிடைத்தது. ஏழாவது குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு பட்டம்: கல் திருடன் வீடு. ஃபந்தியின் அக்கா ஸப்ஹாவைப் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் அந்தப் பட்டத்தைக் கேட்டு வாசலோடு திரும்பினார்கள். மூன்றாவதாக யாரும் வரவில்லை.

சிறையிலிருந்து வந்த அவ்தா சாகும்வரை ஒன்றைத்தான் சொன்னார்: "கழுதை அவனோடது. கல்லத் தூக்கினவன்தான் என்னக் காட்டிக் குடுத்தான்." வீட்டுக்கு வெளியே அதை நம்ப ஆளில்லை. ஊர் நம்பாவிட்டால் போகட்டும், உலகம் நம்பட்டும் என்றுதான் ஃபந்தி அந்த வாசல் வேலைக்கு மனுப் போட்டார்.

முப்பத்தொரு வருடம் சொன்ன சொல் 2010 செப்டம்பர் 24, வெள்ளிக்கிழமை, கீழே இறங்கி வேலை செய்தது. மித்ஹத்தின் பேத்தி லமீஸைப் பெண் பார்க்கத் தலைநகர் அம்மானிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னாலேயே வந்துவிட்டதால், பொழுதுபோகக் கோட்டை பார்க்க ஏறினார்கள். ஒன்பது சீட்டு. ஒன்பது பேரும் ஓட்டையைப் பார்த்தார்கள், கதையைக் கேட்டார்கள், கீழே நீலக் கதவைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீலக் கதவுப் பக்கமே போகாமல் அப்படியே கார் ஏறிப் போய்விட்டார்கள். அவர்கள் யார் என்று ஃபந்திக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒரு சொல் குறைத்திருக்கமாட்டார்.

செய்தி வீட்டுக்கு வந்தபோது ஃபந்தியின் மனைவி வத்ஃபா ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

"அத என் அக்காவப் போய்க் கேளு" என்றார் ஃபந்தி. வத்ஃபா மாவை இன்னும் இரண்டு குத்துக் குத்தினாள்.

அக்டோபர் 8 அன்று தொழுகை முடிந்ததும் ஜாஹா வந்தது. சமாதானம் கேட்டுப் பெரியவர்கள் கூட்டமாக ஒரு வீட்டுக்குப் போவதுதான் ஜாஹா. பதினாறு பேர். தலைமை, ஓய்வுபெற்ற நீதிபதி ஷேக் குலைப். பதினேழாவது ஆளாக மித்ஹத்தே வந்திருந்தார். தவறு செய்தவன் ஜாஹாவோடு வரக்கூடாது, வீட்டிலிருக்க வேண்டும். ஆனால் எழுபத்தேழு வயது மனிதரிடம், நாற்பது வருடமாக அந்தச் சுற்றுவட்டாரத்து ஜாஹாக்களுக்கெல்லாம் தலைமை தாங்கியவரிடம், "நீங்க வராதீங்க" என்று யார் சொல்வது?

ஃபந்தி எல்லோருக்கும் காப்பி ஊற்றினார். பதினேழு கிண்ணமும் தரையில் இருந்தன. வீட்டுக்காரன் "குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு" என்று சொல்லும்வரை யாரும் கிண்ணத்தைத் தொடமாட்டார்கள். தொட்டால் கேட்க வந்ததைக் கைவிட்டதாக அர்த்தம்.

"அபூ தலால்" என்று ஷேக் குலைப் ஆரம்பித்தார். தலால் ஃபந்தியின் மூத்த மகன்; அபூ என்றால் அப்பா. "உன் வாசல் தேடி வந்திருக்கோம். எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் ஷேக்."

"போன தலைமுறைக் கதை. வாசல்ல நின்னு ஒரு மனுசன் பேர நாறடிக்கிறத நிறுத்திடு. என்ன வேணும் சொல்லு. நிலமா? ஆடா?"

"எங்கிட்ட ஆட்டுக்குப் புல்லு இல்ல ஷேக்."

இரண்டு பேர் சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ஷேக் மறுபடி பேச்செடுத்தார். கால் மணி போயிற்று, அரை மணி போயிற்று. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஃபந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல சுகமாக இருந்தது அவருக்கு. இன்னும் ஒரு மணி நேரம்கூட இப்படியே இருக்கலாம் என்று நினைத்தார்.

அப்போது சர்ரென்று ஓர் உறிஞ்சல் சத்தம் கேட்டது.

எல்லாத் தலையும் திரும்பியது. மித்ஹத்தின் கையில் கிண்ணம் இருந்தது, காலியாக.

அவர் போன ஜாஹாக்களில் காப்பி ஆறும்வரை அவரைக் காக்க வைத்த வீடு ஒன்றும் கிடையாது. உட்காருவார், கேட்பார், கிடைக்கும், குடிப்பார். சர்க்கரை நோயில் நாக்கு வறண்டதும் கை தன் பழக்கத்துக்குக் கிண்ணத்தை எடுத்துவிட்டது. வாயில் போன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

திரைக்குப் பின்னாலிருந்து வத்ஃபா சிரித்ததைப் பதினேழு பேரும் கேட்டார்கள்.

"குடிச்சிட்டீங்களா அபூ ஹாசிம்?" என்றார் ஃபந்தி மித்ஹத்திடம், மிக மரியாதையாக. "ஏலக்காய் போதுமா? இன்னொண்ணு ஊத்தவா?"

ஷேக் குலைப் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "முடிஞ்சு போச்சு. நாம கேக்க வந்தத அவரே குடிச்சிட்டாரு. இனி அபூ தலால் கேக்கறதுதான் பேச்சு. சொல்லுப்பா."

"மூணு" என்றார் ஃபந்தி. "அவர் கோட்டைக்கு வரணும். எல்லாரும் மாதிரி சீட்டு வாங்கணும், எல்லாரும் கேட்டத நின்னு கேக்கணும். ரெண்டு, கல்லு எங்கன்னு சொல்லணும். மூணு, தலைநகரம் போயி, தன் கைப்பட எழுதிக் குடுத்து, எங்கப்பா பேர குத்தப் பதிவேட்டுல இருந்து அடிக்க வைக்கணும். அடிச்சாச்சுன்னு கடிதம் என் கைக்கு வர்ற அன்னிக்கு நான் வாய மூடிக்கறேன். அதுவரைக்கும் சொல்லிட்டேதான் இருப்பேன்."

அக்டோபர் 14, வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு மித்ஹத் ஏறி வந்தார். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியதை ஃபந்தி மேலிருந்து எண்ணினார். உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் 250 ஃபில்ஸ். மித்ஹத் ஒரு தினார் தாளை நீட்டினார்.

"மீதி வேண்டாம்."

"அரசாங்கச் சீட்டு, அபூ ஹாசிம். பிச்சை வாங்கற எடமில்ல." 750 ஃபில்ஸை உள்ளங்கையில் எண்ணி வைத்து, சீட்டைக் கிழித்து, பதிவேட்டில் 84,336 என்று எழுதினார். பிறகு ஓட்டையைக் காட்டினார். "இங்க ஒரு கல்லு இருந்துச்சு. எழுநூறு வருஷத்துக் கல்லு. அதத் திருடினவன் பேரு மித்ஹத். அதோ கீழ நீலக் கதவு தெரியுதுல்ல..."

"என் மூஞ்சிக்கு நேராவே சொல்றியே."

"ஆளுக்கு ஆள் மாத்திச் சொன்னா பொய்யாயிடும். படி வழுக்கும், பாத்துப் போங்க."

மித்ஹத் உள்ளே போகவில்லை. காவலர் நாற்காலியில் கேட்காமல் உட்கார்ந்தார். "என் விருந்துக்கூடத்து வாசப்படி" என்றார். "எழுத்து கீழ பாக்கக் கெடக்கு."

 அந்தக் கல்லின் முதல் சொல் இறைவனின் பெயர்.

"நிலைக்கு மேல வைக்கத்தான் எடுத்தேன். இங்க வெயில்ல கெடந்து வீணாப் போகுதேன்னு. மறுநாளே விசாரிக்க வந்துட்டாங்க. பயத்துல கவுத்துப் போட்டு மண்ணத் தள்ளினேன். அப்புறம் எடுக்க முடியல. எடுத்தா தெரிஞ்சிடும்."

"எங்கப்பா பேர ஏன் சொன்னீங்க? அவர் உங்களுக்கு என்ன பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல." மித்ஹத் யோசித்துப் பார்த்துச் சொன்னார். "யாருன்னு கேட்டாங்க. வாசலுக்குப் பக்கத்து வீடு அவனோடது. வாயில அதான் மொதல்ல வந்துச்சு."

ஏதோ பழைய வரப்புச் சண்டை, ஏதோ பெண் விவகாரம் இருந்திருக்கும் என்று ஃபந்தி முப்பத்தாறு வருடம் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை. அப்பாவை வெறுக்கக்கூட அந்த ஆள் சிரமப்படவில்லை. அன்று ஃபந்திக்குள் எரிந்தது முன்னால் எரிந்ததையெல்லாம் விட அதிகம்.

நவம்பர் 24 அன்று கடப்பாறையோடு நான்கு பேர் வாசற்படியை நெம்பினார்கள். ஊரே திரண்டு நின்றது. ஃபந்தி எதிர்ச்சாரியில் நாற்காலி போட்டு, தர்ப்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல் புரண்டதும் மண்ணுக்கடியிலிருந்து எழுத்து தெரிந்தது, நேற்று வெட்டியதுபோல். முதல் சொல்லைப் படித்த ஷேக் குலைப் அங்கேயே செருப்பைக் கழற்றினார்.

"அல்லாஹ் மன்னிக்கட்டும். முப்பத்தாறு வருஷம் இதமேலதான் மிதிச்சுப் போயி நியாயம் பேசினோம்."

"நான் என் கல்யாணத்துக்கே இதத் தாண்டித்தான் போனேன்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"தாண்டினியா, மிதிச்சியா?"

"இப்பக் கேட்டா எப்பிடிரா தெரியும்?"

அந்தக் கூடத்தில் அதற்குப் பிறகு யாரும் கால் வைக்கவில்லை. கல் பழைய இடத்துக்கு ஏறியது. ஃபந்தி தன் பேச்சில் ஒரு வரியை மாற்றினார்: "இதோ மேல தெரியுதே, அந்தக் கல்லு. இதத் திருடி வாசப்படியாப் போட்டவன் பேரு மித்ஹத்."

மிச்சமிருந்தது கடிதம். மித்ஹத் பதினொரு முறை தலைநகரம் போய் வந்தார். 2011 ஜனவரி 19இல் முதல் கடிதம்: மனு கிடைத்தது. ஜூன் 7இல் இரண்டாவது: பழைய கோப்பைத் தேடுகிறோம். நவம்பர் 22இல் மூன்றாவது: கோப்பு கிடைத்தது, கையெழுத்தானதும் தெரிவிக்கப்படும். அவ்தாவைச் சிறைக்கு அனுப்பிய அதே வாய், இப்போது அவ்தா குற்றமற்றவர் என்று அலுவலகம் அலுவலகமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் ஃபந்திக்குச் சோறு ருசித்தது.

வாரம் ஒருமுறை மித்ஹத் தடியை ஊன்றிக்கொண்டு ஏறி வருவார்.

"வந்துச்சா?"

"வரல."

ஏறி வந்ததற்குத் தண்டனையாக, அந்த நேரம் நிற்கும் பார்வையாளர்களோடு தன் கதையையும் ஒருமுறை கேட்டுவிட்டு இறங்குவார். ஒரு நாள் இறங்காமல் நின்றார்.

"அதுக்குள்ள நான் செத்துட்டா?"

"செத்தவன் பேரையும் சொல்லலாம் அபூ ஹாசிம். எங்கப்பா செத்த பெறகும் நீங்க எல்லாரும் சொன்னீங்களே."

2012 மார்ச் 2, வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மித்ஹத்தின் மரணத்தை அறிவித்தார்கள். ஜனாஸா ஊர்வலம் கீழ்ச் சந்தில் போனபோது கோட்டை வாசலில் போலந்துக்காரர்கள் ஒரு பேருந்து நிறைய நின்றார்கள். நாற்பத்து மூன்று பேர். ஃபந்தி அவர்களுக்குக் கல்லைக் காட்டினார், கதவைக் காட்டினார். பிறகு, கணக்கு பிசகக்கூடாது என்பதற்காக, "அதோ போறது அவன்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

"துக்கம் மூணு நாளாவது வாய மூடக்கூடாதா?" என்றாள் வத்ஃபா.

"கடிதம் வரல."

"இன்னும் யாருக்குச் சொல்றீங்க? அவரு காதுலதான் மண்ணு போட்டாச்சே."

 மறுநாள் ஃபந்தி பதினொரு பேருக்குச் சொன்னார். அதற்கு மறுநாள் பத்தொன்பது பேருக்கு. நீலக் கதவு வீட்டில் அழுகை ஓய்ந்த பிறகும் சொன்னார். அடக்கம் செய்த நாளிலிருந்து மொத்தம் 161 பேர் அந்தப் பெயரைக் கேட்டுச் சென்ற பிறகு, அவ்தாவின் பெயர் குற்றப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது என்ற கடைசிக் கடிதம் 2012 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகாலுக்கு வந்து சேர்ந்தது.