ஒரே லைன்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆர்.எஸ்.புரத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தியவர் அவர். நம்மூரில் காணாமல்போனவர்களின் படங்களைக் காசு வாங்காமல் இணையத்தில் போடுவார். சட்டைப்பையில் எப்போதும் யாருடைய போட்டோவாவது இருக்கும். படத்துக்கு அடியில் கடையின் போன் நம்பர்.

நாங்கள் மெயில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்துவிட்டு, போனையே பார்த்தபடி நிற்பார்.

"ஏனுங்க, பாதியில கட் பண்றீங்க?" என்றேன் ஒருநாள்.

"இருக்கறது ஒரே லைனுங்க. நெட்டு ஓடுனா போன் எங்கேஜ்டுங்க. ஆராச்சும் படத்தைப் பார்த்துப்போட்டுக் கூப்புட்டா?"

அப்போதே மணி அடித்தது. சட்டைப்பையில் இருந்த போட்டோவைத் தொட்டபடியே பாய்ந்து போனை எடுத்தார்.

"அலோ... கண்ணு, நீயா? எங்கிருக்கறே?"

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டதாம். பிறகு வைத்துவிட்டார்கள்.

அன்று அவர் இணைப்பைத் திரும்பக் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இன்றும் யாராவது என்னை அழைத்துப் பேசாமல் வைத்துவிட்டால், உடனே வேறொருவரை அழைக்க மனம் வருவதில்லை.