விசாகப்பட்டினத்தில் என் முகம்

கப்பல் விசாகப்பட்டினத்தைத் தொட்டபோது காலை ஏழு மணி. சென்னையில் ஏறியதிலிருந்து இரண்டு இரவும் ஒரு பகலும் கடலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. தருமபுரி மாவட்டத்தில், கடத்தூர்ப் பக்கம், ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதி மட்டுமே வரும் காட்டுக்குச் சொந்தக்காரன் நான். இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். டிக்கெட் மகனுடைய கம்பெனியில் கொடுத்தது. அவனுக்கு லீவு இல்லை. என் மனைவிக்கு மேட்டூர் அணையைப் பார்த்தாலே தலை சுற்றும். அதனால் நான் மட்டும் கிளம்பினேன்.

மாலை ஐந்து மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறி கைலாசகிரி மலையையும், கடற்கரையில் நிறுத்தி வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலையும் பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. எனக்கு அந்த ஊரில் வேறு வேலை இருந்தது.

என் அண்ணன் மாதையன் போர்வெல் லாரியில் வேலைக்குப் போனவர். என் மகன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் இதே விசாகப்பட்டினத்திலிருந்து ஒருமுறை போனில் பேசினார், ஹார்பர் பக்கம் வேலை நடக்கிறது என்று. அதோடு சரி. இரண்டு தடவை ஆள் விட்டுத் தேடினோம், ஒன்றும் தெரியவில்லை. அண்ணி இன்னும் எங்களோடுதான் இருக்கிறார், தாலியும் குங்குமமுமாக. தீபாவளிக்குத் தீபாவளி அண்ணனுக்கு ஒரு வேட்டி எடுத்துப் பீரோவில் வைப்பார். நான் கிளம்பிய அன்று மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தார்.

"அந்த ஊருக்குத்தான் கப்பல் போவுதாம். ஒரு எட்டு விசாரிச்சுட்டு வாங்க தம்பி. இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சாப் போதுங்க" என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அதுதான்.

எட்டரை மணிக்குத் துறைமுக வாசலைத் தாண்டினேன். எங்கே தொடங்குவது என்று புரியாமல் ஒரு டீக்கடையில் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரர் ஒரு டம்ளரை நீட்டினார். சர்க்கரை இல்லாத, கடும் டீ. நான் சர்க்கரை போட்டுக் குடிப்பவன். அண்ணன்தான் இப்படிக் குடிப்பார்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கும் அவருக்கும் இரண்டு வயசு வித்தியாசம். எங்களை மாற்றிக் கூப்பிடாத ஆள் ஊரில் கிடையாது.

பக்கத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. "என்னண்ணா, ரொம்ப நாளாக் காணோம்? ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்றான் டிரைவர். அவன் பேசியது தெலுங்கு. எங்கள் ஊரில் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய உண்டு, அதனால் எனக்குப் புரியும். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டேன். எங்கே போக வேண்டும் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். அண்ணிக்கு இப்போதே போன் போடலாமா என்று கூட நினைத்தேன். நல்லவேளை, போடவில்லை.

மீன்பிடித் துறைமுகம் வந்தது. கருவாடு காயும் வாடை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் தூரத்திலிருந்து கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். ஒரு சந்து முனையில் என்னை இறக்கிவிட்டு, "காசு அப்புறம் வாங்கிக்கறேன்" என்று ஆட்டோக்காரன் போய்விட்டான்.

சந்துக்குள் நுழைந்தேன். அதுவரை கிடைத்த வரவேற்பு அங்கே இல்லை. குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார்கள். குடம் நிரம்பி வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை. ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து என் கையை மோந்தது. பிறகு காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கிப் போய்விட்டது. நடக்க நடக்க முன்னால் இருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. சாத்தாமல் நின்றவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் என் காலில் இருந்தது.

எதற்கென்று புரிந்தபோது நல்ல வெயிலில் எனக்கு உடம்பு சில்லிட்டது. பேயின் கால் தரையில் பாவாது என்பார்கள் எங்கள் ஊரிலும். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் ஒருமுறை குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

சந்தின் கடைசியில் ஒரு வீடு திறந்திருந்தது. உள்ளே சுவரில் மாலை போட்ட படம், பக்கத்தில் எரியும் விளக்கு. படத்தில் என் முகம். மீசை மட்டும் கொஞ்சம் நரைத்திருந்தது.

அடுப்படியிலிருந்து வந்த பெண்ணுக்கு ஐம்பது வயசிருக்கும். என்னைப் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"நான் அவரோட தம்பிங்க" என்றேன், எனக்குத் தெரிந்த தெலுங்கில்.

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மூணு மாசம் ஆச்சு. காமாலை" என்றார். "ஊர்ல எனக்கு யாருமில்லன்னு சொன்னாரே."

கோபம் வந்தது. அண்ணன் மீதுதான். திட்டுவதற்கு எதிரில் ஆள் இல்லை, படம்தான் இருந்தது. அந்த அம்மா மெதுவாகக் கிட்டே வந்து என் முழங்கையை விரலால் தொட்டுப் பார்த்தார். சூடு இருக்கிறதா என்று பார்த்திருப்பார். பிறகு உள்ளே போய்த் தட்டு வைத்தார். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல். எங்கள் வீட்டுப் பக்குவம். கடலோர ஊரில் அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"வாரத்துக்கு ஒரு நாள் இது வேணும் அவருக்கு. கிண்டக் கத்துக் குடுத்ததே அவர்தான். இன்னிக்கு அந்த நாள்" என்றார். படத்துக்கு முன்னாலும் ஒரு உருண்டை இருந்தது. இரண்டு தட்டிலிருந்தும் ஆவி பறந்தது. நான் சாப்பிடுவதை அவர் வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு பயத்தோடு நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

மூன்று மணிக்கு எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டேன். சாவு வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை. அண்ணனின் முகத்தோடு சொல்லவே கூடாத வார்த்தை. அந்த அம்மா விளக்கைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது.

கப்பல் கிளம்பியபோது துறைமுகத்து விளக்குகள் எல்லாம் எரிந்தன. மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமும் நடந்தது. நான் அறைக்குள் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் படுத்துக் கிடந்தேன்.

சென்னையிலிருந்து மொரப்பூர் வரும் வரை ரயிலில் ஒரே யோசனை. கடைசியில் முடிவு செய்தேன், ஒன்றும் தெரியவில்லை என்றே சொல்லிவிடுவதென்று. குங்குமமும் வேட்டியும் இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்? சொல்ல வேண்டியதைக் கண்ணை மூடி இரண்டு தரம் சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

கடத்தூரில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணி வாசற்படியில் நின்றிருந்தார். பையைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததை நான் செய்ததாகவே சொல்ல முடியாது. சாவு வீட்டுக்குப் போய்வந்தவன் குளிக்காமல் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. கால் தானாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. சட்டையோடு நின்று, மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சொம்பில்தான் புத்தி வந்தது.

திரும்பினேன். அண்ணி படியிறங்கி என் பக்கத்தில் நின்றார்.

"தனியாவா கெடந்தாரு?"

"இல்லீங்க அண்ணி. பாத்துக்க ஆள் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் தொட்டித் தண்ணீரையே பார்த்தார். "களி கெடச்சுதாமா?"

"கெடச்சுதுங்க."

அண்ணி கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார்.

"எனக்கும் ஊத்துங்க தம்பி" என்றார்.

ஊற்றினேன். நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கு வழியாக இறங்கியது.